ஆறாம் பக்கம்

வெர்னா மக்ஆலே காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை வேலிக் கம்பங்களை எண்ணுவது. தேநீர்க் கோப்பையோடு சமையலறைச் சன்னலில் நின்று, வீட்டிலிருந்து கடல்வரை போகும் வேலியை ஒவ்வொரு கம்பமாக எண்ணுவாள். முந்தின நாள்வரை ஏழு. அந்த ஏப்ரல் காலையில் ஆறுதான் நின்றன. ஏழாவது கம்பம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செம்பாறை விளிம்புக்கு வெளியே அந்தரத்தில் ஆடியது. பத்தடி நிலம் ஒரே இரவில் போயிருந்தது. அதைப் பார்த்து வெர்னா சிரித்தாள்.

சொந்த நிலம் போனதற்குச் சிரிக்கிற விவசாயியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாங்களும் அதற்குமுன் பார்த்ததில்லை.

எங்கள் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் வடகரைப் பாறை பெயருக்குத்தான் பாறை. நகத்தால் கீறினால் கோடு விழும். அலை அதன் அடியைக் குடையும், குடைந்த இடம் குகையாகும். குகை மறுபக்கமும் திறந்துகொண்டால் வளைவு. வளைவின் கூரை விழுந்தால் கடலுக்குள் ஒற்றைத் தூண் மிஞ்சும், ஒருநாள் அதுவும் படுத்துவிடும். விழுந்ததெல்லாம் மணலாகிக் கரையில் பரவி, அடுத்து வருகிற அலையின் வேகத்தைக் குறைக்கும். ஆண்டுக்கு ஓரடி என்று கடல் எடுத்துக்கொள்ளும், நாங்களும் கொடுத்துவிடுவோம். பத்தடிக்கு ஒரு கம்பம் நட்டு வைத்து, "எத்தனை கம்பம் மிச்சம்?" என்று ஒருவரையொருவர் நலம் விசாரிப்பது இங்கே வழக்கம். கடலோரம் உழுகிறவர்கள், கடைசிக் கம்பத்துக்கு ஒரு கம்பம் உள்ளே தள்ளி டிராக்டரைத் திருப்பினால் போதும், ஆபத்தில்லை. இது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி.

அந்த விதியை ஹூபர்ட் பிளாக்கியர் கெடுத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கத்து முனை ஹூபர்ட்டுடையது. நாற்பது ஆண்டு கார் விற்றவன். வாய் என்றால் வாய், ஓடாத வண்டியைக்கூட ஓடுகிறது என்று சொல்லி வாங்கியவனையே நன்றி சொல்ல வைப்பான். ஓய்வு பெற்றதும் முனையின் நுனியில், கடல் பார்க்கக் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு வீடு கட்டினான். கட்டி முடித்த பிறகுதான் கடல் தன்னையும் பார்க்கிறது என்று அவனுக்கு உறைத்தது. தீவுக்கு எதிரே மறுகரையிலிருந்து சாம்பல் நிறக் கருங்கற்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து வீட்டுக்கு முன்னால் பெரிய சுவராக அடுக்கினான். அனுமதி கொடுத்த அதிகாரி வீட்டுக்கு அந்தப் பருவம் முழுவதும் சனிக்கிழமைதோறும் ஒரு கூடை சிங்கி இறால் போனது. ஊருக்கே தெரியும். நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். எங்கள் பங்கு குற்றம் அது.

கல் இறங்கிய அன்று வெர்னாவின் கணவன் லாய்ட் வேலியோரம் போய் நின்றான்.

"ஹூபர்ட், உன் கல்லு முடியற எடத்துல என் மண்ணு ஆரம்பிக்குது. அலை அதுல மோதிட்டு எங்கப்பா போகும்?"

"கடலுக்குப் போகும். வேற எங்க போகும்? படிச்சவங்க அறிக்கை கொடுத்திருக்காங்க லாய்ட். உன் உருளைக்கிழங்குக்கு ஒண்ணும் ஆகாது, போய்த் தூங்கு."

லாய்ட் சண்டைக்காரன் அல்ல. தலையாட்டிவிட்டு வந்தான்.

அலை கடலுக்குப் போகவில்லை. கருங்கல்லில் மோதிய கோபத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு சுவர் முடிகிற மூலையில் திரும்பி லாய்ட்டின் நிலத்தின் அடியைக் குடைந்தது. முன்பெல்லாம் ஹூபர்ட்டின் முனை உதிர்ந்து கொடுத்த மணல்தான் லாய்ட்டின் கரையைக் காத்தது. சுவர் வந்ததும் அந்த மணலும் நின்றுபோனது. மேலே புல் பசேல் என்றிருந்தது, கம்பங்கள் நிமிர்ந்து நின்றன. கீழே இருபதடி ஆழத்துக்குக் குகை விழுந்திருந்தது யாருக்கும் தெரியாது.

அந்த அக்டோபரில், கிழங்கு தோண்டும்போது, லாய்ட் கடைசிக் கம்பத்துக்கு ஒரு கம்பம் உள்ளே தள்ளித்தான் டிராக்டரைத் திருப்பினான். வாழ்நாளெல்லாம் செய்தது போலவே, விதிப்படி. நிலம் ஒரு கூரைபோல உள்ளே இறங்கியது. டிராக்டரையும் அவனையும் எடுக்கக் கடல் வடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடக்கத்துக்கு ஹூபர்ட் வந்தான். அவன் மனைவி கொடுத்தனுப்பிய மீன் வடைத் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெர்னாவின் கையைப் பிடித்து, "கடல் யாரையும் கேட்டு எடுக்காது வெர்னா," என்றான். வெர்னா அந்த வாக்கியத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதமே அவள் நகரத்துக்குப் போய், சுவருக்கான கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினாள். பொறியாளரின் அறிக்கையில் எட்டுப் பக்கம் என்று போட்டிருந்தது. கோப்பில் ஏழுதான் இருந்தன. ஐந்துக்கு அடுத்தது ஏழு. ஆறாம் பக்கம் இல்லை. அதில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்க அவளுக்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. அந்த ஏழு பக்கத்தையும் மடித்து மாவு டப்பாவுக்குள் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வழக்குப் போட்டால் ஹூபர்ட்டுக்கு அபராதம் விழும், ஆனால் வீடு நிற்கும். அவளுக்கு அந்த வீடு போகவேண்டும்.

வீடு போகிற வழியைக் கடலே அவளுக்குக் காட்டிக்கொடுத்தது. சுவர் முடிந்த மூலையில் கரை அரிவாள்போல வளைந்து உள்ளே வந்தது. வந்தது நேராக மட்டும் வரவில்லை, வேலிக்கு அடியில் புகுந்து சுவரின் முதுகுப் பக்கம், ஹூபர்ட்டின் கார்க் கொட்டகையை நோக்கியும் திரும்பியது. முன்வாசலில் கருங்கல் அடுக்கியவனுக்குக் கொல்லைப்புறம் திறந்து கிடந்தது. வெர்னாவின் நிலம் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு சீக்கிரம் அவன் வீட்டின் பின்பக்கம் கடல் வரும். இது புரிந்த நாளிலிருந்து அவள் கம்பம் எண்ணுவதில் ஒரு சுகம் கண்டாள். பதினான்கு, பன்னிரண்டு, ஒன்பது.

அந்த ஏப்ரலுக்கு இரண்டு ஆண்டு முன் ஹூபர்ட்டுக்கும் அது புரிந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றான்.

"வெர்னா, இப்படியே விட்டா ரெண்டு பேருக்கும் நட்டம். அந்த மூலையில உன் பக்கமும் சேர்த்து நானே கல்லு போட்டுத் தர்றேன். உனக்கு ஒரு செலவும் இல்ல. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

வெர்னா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"கடல் யாரையும் கேட்டு எடுக்காது ஹூபர்ட்."

அவன் முகம் போன போக்கு அவளுக்கு இரண்டு வாரம் சோறு தண்ணீர் வேண்டாத அளவுக்கு நிறைவாக இருந்தது.

மகன் டெரிலுக்குத்தான் இது பொறுக்கவில்லை. முப்பத்துநாலு வயது, முனைக்கு மறுபக்கத்துப் படகுத்துறையில் சிங்கி இறால் பிடிக்கிறவன்.

"அம்மா, உன் வீட்டுக்கும் கடலுக்கும் இன்னும் எத்தனை கம்பம்? எதிரிக்குச் சகுனப்பிழை ஆகணும்னு யாராவது சொந்த மூக்கை அறுத்துப்பாங்களா?"

"உங்கப்பனைத் தூக்கி மேல கொண்டாந்தப்போ நீதானே கால் பக்கம் பிடிச்ச. மூக்கு போனா போகட்டும்டா."

டெரில் துறைக்குக் கிளம்பிவிட்டான். அவள் மகன்தானே, அவனுக்குள்ளும் அந்தப் பகை கொஞ்சம் இருந்தது.

அந்தக் குளிர்காலம் கரையோரக் கடல் உறையவே இல்லை. பனிக்கட்டி கட்டினால்தான் எங்கள் கரைக்கு நான்கு மாதம் ஓய்வு. அது கட்டாததால் ஒவ்வொரு புயலும் நேரே பாறையில் வந்து இடித்தது. மார்ச்சில் ஹூபர்ட்டின் கார்க் கொட்டகை பாதி கடலுக்குப் போனது. வீட்டை நகர்த்துவது ஒன்றே வழி என்று ஆனது.

வீட்டை நகர்த்துவது எங்களுக்குப் புதிதல்ல. இந்தத் தீவில் பாதி வீடுகள் பிறந்த இடத்தில் இல்லை. அடியில் உத்திரம் கொடுத்துத் தூக்கி, சக்கரம் பூட்டி, பக்கத்து நிலங்களின் வழியாக இழுத்துக்கொண்டு போவோம். அதற்கு ஒரு முறை உண்டு. வீடு வருகிறதென்றால் நிலத்துக்காரனே தன் வேலியைக் கழற்றி வைப்பான். கேட்கவே வேண்டாம். ஊரார் இருபுறமும் நடந்து வருவார்கள், யாராவது தேநீர் ஊற்றுவார்கள். ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் நகர்கிற வீட்டுக்கு வழி மறிப்பதில்லை.

ஹூபர்ட்டின் வீட்டுக்கு இருந்த ஒரே வழி வெர்னாவின் வயல். அவன் பக்கத்துப் பாதையில் ஓடைப் பாலம் குறுகல், அதில் வீடு நுழையாது.

கம்பம் ஆறாகக் குறைந்த அந்தக் காலைதான் வீடு நகரவேண்டிய நாள். ஊர் முழுக்க வந்து நின்றது. வீட்டை நகர்த்துகிற ஃபெர்ன் டூசெட், மூன்று தலைமுறையாக அதே தொழில், ஆறடி உயரப் பெண், வீட்டை உத்திரத்தில் ஏற்றி வைத்துவிட்டு வேலிப்பக்கம் வந்து பார்த்தாள். வேலி வாயிலை அடைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு தோண்டும் எந்திரம் நின்றது. அதன் இருக்கையில் வெர்னா, மடியில் மாவு டப்பாவோடு.

"வண்டி ரிப்பேரா வெர்னா அக்கா?" என்று ஃபெர்ன் கேட்டாள்.

"இல்லம்மா. நல்லா ஓடுது."

"அப்புறம் ஏன் இங்க நிக்குது?"

"நிக்கணும்னுதான் நிக்குது. ஹூபர்ட்டை வரச் சொல்லு."

யாரோ தேநீர்க் குடுவையைக் கீழே வைத்தார்கள். ஹூபர்ட் வந்தான். ஐந்து ஆண்டில் பத்து ஆண்டு கிழடு தட்டியிருந்தது.

வெர்னா டப்பாவைத் திறந்து, மாவு படிந்த காகிதங்களை எடுத்துத் தட்டினாள்.

"உன் சுவருக்குக் கொடுத்த அறிக்கை. எட்டுப் பக்கம்னு போட்டிருக்கு, என்கிட்ட ஏழுதான் இருக்கு. ஆறாம் பக்கம் எங்க ஹூபர்ட்?"

"எனக்கென்ன தெரியும்? ஆபீஸ்ல தொலைச்சிருப்பாங்க."

"கார் வித்தவன் நீ. ஒரு துண்டுச் சீட்டைக்கூட எறிய மாட்டன்னு ஊருக்கே தெரியும். உள்ள போய் எடுத்துட்டு வா. அந்தப் பக்கம் வராம இந்த வண்டி நகராது."

ஹூபர்ட் கூட்டத்தைப் பார்த்தான். ஒருவரும் அவனுக்காக வாய் திறக்கவில்லை. உத்திரத்தின்மேல் நின்ற வீட்டுக்குள் ஏணி வைத்து ஏறினான். வெகுநேரம் கழித்து, நான்காக மடித்த ஒரு காகிதத்தோடு இறங்கினான்.

"படி," என்றாள் வெர்னா. "எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

அவன் படித்தான். ஓடாத வண்டியை விற்ற குரல் அன்று அவனுக்கு உதவவில்லை.

"சுவர் முடியும் கிழக்கு எல்லையில் அரிப்பு பல மடங்கு அதிகரிக்கும். பாறையின் அடி குடையப்பட்டு, மேற்பரப்பு எந்த அறிகுறியும் இன்றிச் சரியக்கூடும். ஆகவே பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, விளிம்பிலிருந்து ஐம்பதடிக்குள் கனரக வாகனங்களைத் தவிர்க்கும்படி..." அங்கே நிறுத்திவிட்டான்.

"படி."

"தவிர்க்கும்படி எச்சரிக்க வேண்டும்."

ஐம்பதடி. லாய்ட் பத்தடி தள்ளியிருந்தான். ஒரு காகிதத்தை வேலிக்கு மேலாக நீட்டியிருந்தால் அவன் ஐம்பதடி தள்ளியிருப்பான். கூட்டத்தில் நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அனுமதி கொடுத்த அதிகாரி அந்த மாதமே வேலையை இழந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்க நன்றாக இருக்கும்.

"நான் நினைக்கல வெர்னா," என்றான் ஹூபர்ட். "சத்தியமா, ஆள் போகும்னு நினைக்கல. நாலஞ்சு வரிசை கிழங்கு போகும்னுதான் நினைச்சேன். சொல்லியிருந்தா லாய்ட் தடுத்திருப்பான். சுவர் வந்திருக்காது." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "படிச்சிட்டேன். இப்ப வழி விடுவியா?"

"விட மாட்டேன்," என்றாள் வெர்னா.

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் ஐந்து ஆண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் படிக்கவேண்டும், கேட்கவேண்டும், அதன் பிறகும் வழி கிடைக்கக் கூடாது. உத்திரத்தில் ஏற்றிய வீடு அங்கேயே நின்று அடுத்த புயலில் கண்ணாடியோடு கடலுக்குள் போவதை அவள் சன்னலிலிருந்து தேநீரோடு பார்க்கவேண்டும். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது நியாயம் என்றே பட்டது. எனக்கும் பட்டது, மறைப்பானேன்.

அப்போது டெரில் எந்திரத்தின் பக்கம் வந்தான்.

"அம்மா, எறங்கு. ஒண்ணு காட்டணும்."

"இங்கிருந்தே சொல்லு."

"சொன்னா புரியாது. அவரு நிலத்துல கால் வைக்க மாட்டேன்னு அஞ்சு வருஷமா அந்தப் பக்கம் நீ வரவே இல்ல. ஒரே ஒரு தடவை வா. அப்புறம் வந்து உக்காந்துக்கோ, நான் கேக்க மாட்டேன்."

வெர்னா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். டெரில் அவளை ஹூபர்ட்டின் பாதிக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

அவள் இதுவரை தன் சன்னலிலிருந்து நேர்கோட்டில் எண்ணியே பழகியவள். அரிவாள்போல வளைந்த அரிப்பின் பிடிதான் அவளுக்குத் தெரிந்திருந்தது, நுனி எங்கே வந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. கொட்டகையைத் தாண்டி, புல்மேட்டைத் தாண்டி, படகுத்துறைக்குப் போகிற பாதையின் ஓரத்தில் அது நின்றது. பாதைக்கும் விளிம்புக்கும் நடுவே நான்கு தப்படி தூரம். பாதையின் நடுவில் கை நுழைகிற அகலத்தில் ஒரு வெடிப்பு.

"பத்து நாள்ல சீசன் தொடங்குது," என்றான் டெரில். "பன்னண்டு படகு. அத்தனை இறால் கூண்டையும் லாரியில ஏத்திக்கிட்டு இந்தப் பாதையிலதான் எறங்கணும். ஒவ்வொரு லாரியும் அப்பாவோட டிராக்டரை விட எடை. நேத்து என் பின்சக்கரம் இந்த வெடிப்புல எறங்கிச்சு."

வெர்னா குனிந்து வெடிப்பைப் பார்த்தாள். அடியில், பாறைக்குள் எங்கேயோ, தண்ணீர் மொத்துகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். லாய்ட்டை எடுக்கக் காத்திருந்தபோது நாலு மணி நேரம் கேட்டிருக்கிறாள்.

"அந்த அறிக்கையில ஒரு பக்கம் குறையுதுன்னு உனக்கு எப்பம்மா தெரியும்?"

"அடக்கம் முடிஞ்சு அடுத்த மாசம்."

"அஞ்சு வருஷம். கல்லு போடட்டுமான்னு அவரு வந்து நின்னப்போ, ஆறாம் பக்கத்தைக் கொண்டான்னு அன்னைக்கே கேட்டிருந்தா சுவரையே எடுக்க வெச்சிருக்கலாம். நீ மாவு டப்பாவுல போட்டு மூடி வெச்ச. அவரு ஒரு பக்கத்தை மறைச்சாரு, அப்பா போனாரு. நீ ஏழு பக்கத்தை மறைச்ச. இன்னும் பத்து நாள் போனா யாரு போவாங்கன்னு சொல்லு, கேட்டுக்கறேன்."

அவள் மகனைப் பார்த்தாள். வினை விதைத்தவன் வினை அறுக்கட்டும் என்று காத்திருந்தவளுக்கு, தானும் பக்கத்திலேயே விதைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம், கழுத்துவரை சிவந்தது.

அவள் திரும்பி வந்தபோது ஹூபர்ட் அதே இடத்தில் காகிதத்தைப் பிடித்தபடி நின்றான். வெர்னா எந்திரத்தில் ஏறி அதை ஓட்டிக் கொண்டுபோய் வயலின் ஓரத்தில் நிறுத்தினாள். பிறகு இறங்கி, முறைப்படி தன் கையாலேயே வேலிக் கம்பியைக் கழற்றினாள். கழற்றிக்கொண்டே பேசினாள்.

"ஃபெர்ன், வீடு என் வயல் நடுவால போகட்டும். வீடு போன தடத்தை அப்படியே விட்டுடு, ஜல்லி கொட்டிக்கலாம். இனிமே படகுத்துறைக்கு அதுதான் பாதை. பழைய பாதையை இன்னைக்கே கயிறு கட்டி அடைங்க. ஒரு லாரி போகக் கூடாது."

"சரிக்கா."

"ஹூபர்ட், வீடு வெளிய போன கையோட உன் சுவரை எடுக்கணும். கடைசிக் கல்லு வரைக்கும். முனை உதிரட்டும், மணல் வரட்டும். எங்க கரைக்கு அதுதான் வேலி. எடுக்கறேன்னு இவங்க முன்னால சொல்லு."

"எடுக்கறேன்," என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. "என்னை மன்னிச்சிட்டியா வெர்னா?"

"இல்ல. வழி விட்டிருக்கேன். அது வேற, இது வேற."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெர்னா அவன் கையிலிருந்த ஆறாம் பக்கத்தை வாங்கி, தன்னுடைய ஏழு பக்கத்துக்கு நடுவில், ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் செருகினாள். எட்டையும் டெரிலிடம் கொடுத்தாள்.

"இதைத் துறையில பலகையில ஒட்டு. எல்லாரும் படிக்கட்டும்." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். மேடைப் பேச்சு பேசுகிறவள் அல்ல அவள், ஆனாலும் அன்று சொன்னதை எங்கள் ஊரில் இன்றைக்கும் அவள் பெயரோடுதான் சொல்கிறோம். "கடல் அரிக்கும். அது அதோட குணம், அதைக் குத்தம் சொல்லிப் புண்ணியமில்ல. அரிக்கப் போகுதுன்னு தெரிஞ்சும் பக்கத்துல இருக்கறவன்கிட்ட சொல்லாம இருக்கோம் பாருங்க, அதுதான் ஆளைக் கொல்லுது. அவன் சுவருக்காக மறைச்சான், நான் பழிக்காக மறைச்சேன். பாறைக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஃபெர்ன் கை காட்டினாள். வீடு அசைந்து, கண்ணாடியெல்லாம் பளபளக்க, கழற்றிய வேலியின் வழியாக வயலுக்குள் வந்தது. முறைப்படி ஊரார் இருபுறமும் நடந்தார்கள். வெர்னா நடக்கவில்லை. மிச்சமிருந்த ஆறு கம்பங்களையும் எண்ணி, எண்ணிக்கையை உரக்க எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். ஹூபர்ட்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தாள். கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் டெரிலை அனுப்பினாள்.